67 வயது, 12 மி.மீ. கட்டி: அக்குள் கணுக்களைத் தொடாமல் விட்ட ஒரு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை

நோயாளியின் ஒப்புதலோடு இதைப் பதிவு செய்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

பின்னணி

நோயாளி 67 வயதுப் பெண். மேற்கு மாவட்டம் ஒன்றில் கிராமம். கணவர் இல்லை, மகன் குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டில் மூன்று கறவை மாடுகள். காலை, மாலை இரண்டு வேளையும் இவரே கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறார். சில வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள் நிற்கிறது. மாதவிடாய் 49 வயதில் நின்றுவிட்டது.

ரத்த உறவில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் கிடையாது. ஆனால் நாத்தனாருக்கு வந்திருக்கிறது. வெகு வருடங்களுக்கு முன் அவருக்கு மார்பகத்தை முழுதாக எடுத்து, அக்குளில் உள்ள நிணநீர் கணுக்களை வழித்தெடுத்து, கதிர்வீச்சும் கொடுத்திருக்கிறார்கள். நோய் திரும்பவில்லை. இடது கை மட்டும் தோளிலிருந்து விரல் வரை வீங்கிப்போய், ரவிக்கைக்கு அந்தப் பக்கக் கையைத் தனியாக அகலம் வைத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் என்றாலே அந்தக் கைதான் எல்லோருக்கும் கண்முன் வரும். பின்னால் நடந்த பேச்சுகளில் பாதி அதைச் சுற்றியே நடந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்டறிந்த விதம்

2025 நடுவில், மகன் கூட்டிப்போன முழு உடல் பரிசோதனையில் மேமோகிராமும் சேர்ந்திருந்தது. வலது மார்பகத்தின் மேல் வெளிப்பகுதியில் ஓரம் முள்முள்ளாக ஒரு நிழல்; பைராட்ஸ் 5 (புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்) என்று அறிக்கை. கையால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. அல்ட்ராசவுண்டில் 12 மி.மீ.

அதே அறிக்கையின் கடைசி வரி: "அக்குளில் 1 செ.மீ.க்குக் குறைவான சில நிணநீர் கணுக்கள் காணப்படுகின்றன." மகன் அதைப் போட்டோ எடுத்து பெங்களூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பியிருக்கிறார். என்னிடம் வரும்போது குடும்பமே "நெறிக்கும் (கணுவுக்கும்) பரவிடுச்சு" என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வந்தது.

இந்த வரியை நம் ஸ்கேன் அறிக்கைகளில் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அக்குளில் கணுக்கள் இருப்பது எல்லோருக்கும் இயல்பு. கணு இருக்கிறதா என்பதல்ல, அது எப்படி இருக்கிறது என்பதே விஷயம். நல்ல கணு மொச்சை விதை வடிவில் இருக்கும். நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். சுற்றியுள்ள கருமையான புறணி மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். புறணி 3 மி.மீ.க்கு மேல் தடித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் புடைத்தாலோ, நடுக்கொழுப்பு மறைந்து உருண்டையானாலோதான் சந்தேகம். அந்த அறிக்கையில் இதில் ஒன்றுகூட எழுதப்படவில்லை.

திசு சோதனைக்கு முன்பே அக்குளை மறுபடி பார்க்கச் சொன்னேன். மார்பகத்தில் ஊசி குத்திய பிறகு பார்த்தால், குத்தியதற்கே கணு கொஞ்சம் பருத்து நம்மைக் குழப்பலாம். மார்பக ஸ்கேனில் பழகிய எங்கள் கதிரியக்க மருத்துவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று கணுக்கள். இரண்டில் புறணி 2 மி.மீ. மூன்றாவதில் 3.2 மி.மீ.; ஆனால் சீரான தடிப்பு, நடுக்கொழுப்பு நன்றாகத் தெரிந்தது. நோயாளியின் வலது கையைத் திருப்பிப் பார்த்தோம். விரல்களிலும் முன்கையிலும் சோளத்தட்டு அறுத்த கீறல்கள், ஆறியதும் ஆறாததுமாக. கணு பருக்க அதுவே போதும். ஆனாலும் ஊகத்தில் விடக்கூடாது என்று அந்த ஒரு கணுவில் ஊசி சோதனை செய்தோம். அழற்சிக்கான செல்கள் மட்டுமே இருந்தன. புற்றுச் செல் இல்லை.

மார்பகக் கட்டியின் திசு சோதனை: ஊடுருவும் நாளப் புற்றுநோய் (பால் நாளத்தில் தொடங்கிச் சுற்றுத் திசுவுக்குள் புகும் வகை), கிரேடு 2 (மூன்று தரங்களில் நடுத்தரம்). ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வலுவாக நேர்மறை, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியும் நேர்மறை, ஹெர்-2 என்ற புரதம் எதிர்மறை, செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 12 சதவீதம். சுருங்கச் சொன்னால் சின்னக் கட்டி, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை.

முடிவெடுக்க வேண்டியது

மார்பகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி அக்குளைப் பற்றியது. வழக்கப்படி சென்டினல் கணு பயாப்ஸி செய்ய வேண்டும். கட்டிப் பகுதியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களைச் சாயத்தாலோ கதிரியக்க மருந்தாலோ அடையாளம் கண்டு எடுத்துப் பார்ப்பதுதான் அது. 1990களில் இது வந்த பிறகுதான் எல்லோருக்கும் அக்குளை வழித்தெடுக்கும் வழக்கம் ஒழிந்தது. நாத்தனாருக்கு நடந்தது பழைய முறை. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும். சென்டினல் முறையில் அது வெகுவாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

பல துறை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டில் நான் வைத்த கேள்வி இதுதான்: கணுவை எடுத்துப் பார்த்து, அதில் நோய் இருக்கிறது என்று தெரிந்தால், இவருக்கு நாம் என்ன மாற்றிச் செய்யப்போகிறோம்?

அக்குள் கணுவை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பது புதுச் செய்தி அல்ல. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய என்எஸ்ஏபிபி பி-04 ஆய்வில் வழித்தெடுத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கணுவில் நோய் இருந்தது. கணுவை விட்டுவைத்த பிரிவிலும் அதே அளவு பேருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் பின்னாளில் அக்குளில் நோய் தலைகாட்டியது 18.5 சதவீதம் பேருக்குத்தான். 25 வருடம் கழித்துப் பார்த்தும் உயிர் பிழைத்ததில் வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் இன்றைய மருந்துகள் எதுவும் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. கணு நமக்குத் தகவல் தரும். அந்தத் தகவலுக்குப் பயன் உண்டா என்பதே கேள்வி.

இன்றைய நிலையில் இரண்டு ஆய்வுகள் நேரடியாகப் பொருந்தின. மிலானை மையமாகக் கொண்ட சவுண்ட் ஆய்வு 2012 முதல் 2017 வரை 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியும் ஸ்கேனில் தெளிவான அக்குளும் உள்ளவர்களைச் சேர்த்தது. ஒரே ஒரு கணு சந்தேகமாக இருந்து ஊசி சோதனையில் நோய் இல்லை என்று வந்தவர்களையும் சேர்த்தார்கள். எங்கள் நோயாளி அப்படியே அந்த வரையறைக்குள் வந்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 1,405 பேர். ஐந்து வருடத்தில் வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள், கணு எடுத்த பிரிவில் 97.7 சதவீதம், எடுக்காத பிரிவில் 98.0 சதவீதம். எடுத்த பிரிவில் 13.7 சதவீதம் பேருக்குக் கணுவில் நோய் இருந்தது. நான்கோ அதற்கு மேலோ பாதித்தவர்கள் 0.6 சதவீதம்தான்.

2024 டிசம்பரில் வெளியான இன்செமா, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த பெரிய ஆய்வு. அதிலும் நோயின்றி வாழ்ந்தவர்கள் எடுக்காத பிரிவில் 91.9 சதவீதம், எடுத்த பிரிவில் 91.7 சதவீதம் என்று ஏறத்தாழ சமம். கை வீக்கம் எடுக்காதவர்களில் 1.8 சதவீதம், எடுத்தவர்களில் 5.7 சதவீதம். அக்குளில் நோய் திரும்பியது எடுக்காதவர்களில் 1.0 சதவீதம், எடுத்தவர்களில் 0.3 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை நான் எந்தக் குடும்பத்திடமும் மறைப்பதில்லை. விட்டுவைப்பதற்கு ஒரு விலை உண்டு. சிறிய விலை, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோவும் தன் வழிகாட்டுதலை மாற்றியது. மாதவிடாய் நின்ற, 50 வயதைக் கடந்த, 2 செ.மீ.க்கு உட்பட்ட, கிரேடு 1 அல்லது 2, ஹார்மோன் நேர்மறை, ஹெர்-2 எதிர்மறைக் கட்டி உள்ளவர்களுக்கு, ஸ்கேனில் அக்குள் தெளிவாக இருந்து மார்பகத்தைக் காக்கும் அறுவையும் செய்தால், சென்டினல் பயாப்ஸியைத் தவிர்க்கலாம் என்றது.

போர்டில் எழுந்த எதிர்ப்பு

எளிதில் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் பொய். மருந்துச் சிகிச்சை நிபுணர் கேட்டது நியாயமான கேள்வி: கணுவில் நோய் இருந்தால், நோய் திரும்பாமல் இருக்க ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்துத் தரும் ரைபோசிக்ளிப் கொடுக்கும் வாய்ப்பு திறக்குமே? உண்மைதான். அதே வகை மருந்தான அபெமாசிக்ளிப் என்றால் இவ்வளவு சின்ன, கிரேடு 2 கட்டிக்கு நான்கு கணுவாவது பாதித்திருக்க வேண்டும். ரைபோசிக்ளிப்புக்கு ஒன்றே போதும். கீமோ பற்றியும் பேசினோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒன்று முதல் மூன்று கணு பாதித்திருந்தாலும், கட்டியின் மரபணுச் சோதனை மதிப்பெண் 25க்குள் இருந்தால் கீமோவால் பலன் இல்லை என்று ஆர்எக்ஸ்பாண்டர் ஆய்வு காட்டிவிட்டது. ஆகக் கீமோவுக்காகக் கணுவைத் தேட வேண்டியதில்லை. மிஞ்சியது ரைபோசிக்ளிப். மூன்று வருடம் சாப்பிட வேண்டிய, விலை அதிகமான, அடிக்கடி ரத்தப் பரிசோதனை கேட்கும் மருந்து. ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்புக்காக அக்குளைத் திறந்து, அப்படியே நோய் கிடைத்தாலும் இவர் அந்த மருந்தை எடுத்துக்கொள்வாரா? இதை நாமே முடிவு செய்யாமல் நோயாளியிடம் கேட்டுவிடுவோம் என்று முடிந்தது.

கதிர்வீச்சு நிபுணரின் கவலை வேறு. இந்த வயதில் சிலருக்குக் கதிர்வீச்சையும் தவிர்க்கிறோம். பிரைம் 2 ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சு இல்லாமல் விட்டபோது, பத்து வருடத்தில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 9.5 சதவீதம் பேருக்கு, கொடுத்தவர்களில் 0.9 சதவீதம். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் கணுவை எடுத்துப் பார்த்து நோய் இல்லை என்று உறுதியானவர்கள். சவுண்டிலும் இன்செமாவிலும் கணுவை விட்டவர்கள் பெரும்பாலும் கதிர்வீச்சு வாங்கிக்கொண்டவர்கள். ஒரு ஆய்வைக் காட்டிக் கணுவை விட்டு, இன்னொன்றைக் காட்டிக் கதிர்வீச்சையும் விட்டால், இரண்டையும் சேர்த்து விட்டதற்கு இவற்றில் ஆதாரம் கிடையாது. அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்: கணுவை விட்டால் கதிர்வீச்சு கட்டாயம்.

குடும்பத்தோடு பேசியது

நோயாளி கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா, நெறியெல்லாம் எடுத்துப்போட்டா இந்தக் கையில பாலு கறக்க முடியுங்களா?"

பெங்களூர் மகள் வீடியோ காலில் இருந்தார். நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "எடுத்துப் பாத்துட்டா ஒரு நிம்மதி இருக்குமே மேடம். செய்யாம விட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" குறைவாகச் செய்வதைக் கவனக்குறைவாகப் பார்ப்பது நம் ஊரில் சகஜம். டாக்டர் வயசானவங்கன்னு விட்டுட்டாரோ என்ற சந்தேகம் அதன் அடியில் இருக்கும். அவருக்கு நான் சொன்னது: எடுத்துப் பார்த்து நோய் இல்லை என்று வந்தாலும் அது நூறு சதவீத நிம்மதி இல்லை. சென்டினல் முறையை நிலைநாட்டிய பி-32 ஆய்விலேயே, கணுவில் நோய் இருந்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்கு அந்தப் பரிசோதனை நோயைத் தவறவிட்டது. பலன் இருந்திருந்தால் எந்த வயதானாலும் செய்திருப்பேன்.

ரைபோசிக்ளிப் பற்றி விளக்கியதும் நோயாளியே பதில் சொல்லிவிட்டார்: "நெறியில இருந்தாலும் அந்த மாத்திரை எனக்கு வேண்டாங்க. அப்புறம் எதுக்குங்க அறுத்துப் பாக்கோணும்?" போர்டில் அரை மணி நேரம் பேசியதை இவர் ஒரே மூச்சில் முடித்தார். யோசிக்க ஒரு வாரம் கொடுத்தேன். மகளும் ஒப்புக்கொண்ட பிறகு, கணுவை எடுக்காததற்கான காரணத்தையும் அந்த 1.0, 0.3 எண்களையும் ஒப்புதல் படிவத்திலேயே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

அறுவையும் அதன் பிறகும்

கட்டி கைக்குத் தட்டுப்படாததால் காலையில் ஸ்கேன் பார்த்து கம்பி வைத்து அடையாளப்படுத்தி, அதைத் தொடர்ந்து எடுத்தோம். எடுத்த துண்டை மேமோகிராமில் வைத்துப் பார்த்ததில் கட்டி நடுவில் இருந்தது. மறுநாளே வீட்டுக்குப் போனார். வார்டில் பழக்கதோஷத்தில் வலது கையில் "ஊசி, பிபி கூடாது" என்று பட்டை ஒட்டியிருந்தார்கள். அக்குளைத் தொடவே இல்லை, அந்தத் தடைக்கு வேலை இல்லை என்று எடுக்கச் சொன்னேன்.

நோயியல் அறிக்கையில் ஒரு சிக்கல் வந்தது. கட்டி 14 மி.மீ., கிரேடு 2, ஓரங்கள் சுத்தம். ஆனால் ஓரிடத்தில் நிணநாளத்துக்குள் (நிணநீர் ஓடும் நுண்குழாய்க்குள்) புற்றுச் செல்கள். இது தெரிந்தால் கணுவில் நோய் இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். இப்போது திரும்பிப் போய்க் கணுவை எடுப்பதா? முடியாதது இல்லை, கட்டியை எடுத்த பிறகும் சென்டினல் கணுவைத் தேடலாம்.

மறுபடி போர்டு. இரண்டு மருத்துவர்கள் எடுக்கலாம் என்றார்கள். எடுக்க வேண்டாம் என்ற பக்கம் வென்றதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மேற்சொன்ன ஆய்வுகளில் பெண்களைப் பிரித்தது அறுவைக்கு முந்தைய விவரத்தை வைத்து. அறுவைக்குப் பின் இப்படிப்பட்ட செய்தி வந்தவர்களும் அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். இரண்டாவது, நோயாளியின் பதில் மாறவில்லை. கணுவில் நோய் இருந்தாலும் சிகிச்சை மாறாது. ஆனால் கதிர்வீச்சு கட்டிப் பகுதிக்கு மட்டும் போதுமா என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. முழு மார்பகத்துக்கும் 26 கிரே (கதிர்வீச்சின் அளவு), ஐந்து அமர்வு, ஒரே வாரம். ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு தந்த இந்த முறை மாடு வைத்திருப்பவருக்குப் பெரிய வரம். முன்பு என்றால் மூன்று வாரம் தினமும் கோவைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

ஐந்து வருடத்துக்கு, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை 2.5 மி.கி. தொடங்கினோம். எலும்பு அடர்த்தி குறைவாக இருந்ததால் கால்சியம், வைட்டமின் டி, பல் பரிசோதனைக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பைக் காக்கும் சோலெட்ரானிக் அமில ஊசி.

தொடர்ந்து வந்தவை

கை வீங்கவில்லை. அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் முழங்கைக்கு 10 செ.மீ. மேலும் கீழும் அளந்து குறித்திருந்தோம். ஒவ்வொரு வருகையிலும் அளவு அப்படியே.

எதிர்பாராத இடத்தில் தொல்லை வந்தது. லெட்ரோசோல் தொடங்கிய இரண்டாம் மாதம் விரல் மூட்டுகள் காலையில் மடங்கவில்லை. "விடியக்காலம் காம்பப் புடிக்கவே முடியலீங்க, மருமவதான் கறக்குது" என்றார். எந்தக் கைக்காக அக்குளை விட்டுவைத்தோமோ அதே கையை மாத்திரை முடக்கியது. மகனுக்குக் கோபம், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். இந்தப் பெண்ணுக்கு உண்மையான பாதுகாப்பே அந்த மாத்திரைதான் என்பதை அன்றைக்கு முழுதாக விளக்க வேண்டியிருந்தது. சில வாரம் இடைவெளி விட்டு அதே வகை மாத்திரையான எக்செமஸ்டேனுக்கு மாற்றினோம். தினமும் நடை, காலையில் வெந்நீரில் கை வைத்து விரல் பயிற்சி. முழுதாகப் போகவில்லை, ஆனால் மாலைக் கறவையை அவரே செய்கிறார். இதுவும் ஒத்துவராவிட்டால் வேறு வகை ஹார்மோன் மாத்திரையான டமாக்சிஃபென் இருக்கிறது.

நான்காம் மாதம் அக்குளில் ஏதோ உருள்கிறது என்று பயந்துபோய் வந்தார்கள். மகள் பெங்களூரிலிருந்து இரவோடிரவாக வந்துவிட்டார். சுண்டுவிரலில் முள் குத்திப் பழுத்திருந்தது. ஸ்கேனில் அதே மூன்றாவது கணு, புறணி 3.3 மி.மீ., சீரான தடிப்பு, நடுக்கொழுப்பு நன்றாகத் தெரிந்தது. முதல் ஸ்கேனின் படமும் அளவும் கையில் இருந்ததால் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. விரலுக்கு மருந்து கொடுத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் 2.6 மி.மீ. இப்படிப்பட்ட பயங்கள் இனியும் வரும். கணுவை விட்டுவைப்பதன் இன்னொரு விலை இது. எந்த ஆய்வின் அட்டவணையிலும் இதற்கு எண் இல்லை.

இதை எழுதும்போது அறுவை முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. நோய் திரும்பிய அறிகுறி இல்லை. ஹார்மோன் நேர்மறை நோய் பத்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. ஆகவே இந்த ஒன்பது மாதத்தை வைத்து எடுத்த முடிவு சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முடிவு நிற்பது மேற்சொன்ன ஆய்வுகளின் மேல்.

எங்கள் வழக்கத்தில் மாறியவை

அக்குள் ஸ்கேன் அறிக்கைக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறோம். எத்தனை கணு, ஒவ்வொன்றின் புறணித் தடிமன், தடிப்பு சீரானதா ஒருபக்கமா, நடுக்கொழுப்பு தெரிகிறதா. "சில கணுக்கள் காணப்படுகின்றன" என்று மட்டும் எழுதிய அறிக்கை வந்தால் திருப்பி அனுப்புகிறோம். படங்களின் பிரதியை நோயாளியின் ஃபைலிலும் வைக்கிறோம். இப்படி ஒரு ஸ்கேன் கிடைக்காத ஊரில் சென்டினல் பயாப்ஸியைத் தவிர்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே மெத்திலின் நீலச் சாயம் வைத்துச் செய்துவிடுவதே மேல்.

50 வயதுக்குக் கீழ், மும்மை எதிர்மறை (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும் எதிர்மறை), ஹெர்-2 நேர்மறை, கிரேடு 3, மார்பகத்தை முழுதாக எடுப்பவர்கள், அறுவைக்கு முன் கீமோ வாங்கியவர்கள்: இவர்களுக்கு முன்போலவே கணுவை எடுத்துப் பார்க்கிறோம். அவர்களில் பலருக்கு அடுத்து என்ன மருந்து என்பதே கணுவைப் பொறுத்து மாறும்.

அறுவைக்குப் பிந்தைய அறிக்கையில் நிணநாள ஊடுருவலோ, கிரேடு 3ஓ, 2 செ.மீ.க்கு மேற்பட்ட அளவோ வந்தால் என்ன செய்வோம் என்பதை இப்போது முதல் போர்டுக் கூட்டத்திலேயே எழுதிவைக்கிறோம். நோயாளிக்கும் அதை முன்கூட்டியே சொல்கிறோம். ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலியைப் பற்றிய பேச்சும் அக்குளைப் பற்றிப் பேசும் அதே நாளில் நடக்கிறது. கையால் வேலை செய்து பிழைப்பவர்களிடம் என்ன வேலை, எந்தக் கை, எந்த நேரம் என்று செவிலியர் கேட்டு முதல் பக்கத்தில் குறித்துவிடுகிறார்.